துணிக் கிளிப் காத்த வானம்

என் மேசை இழுப்பறையில் ஒரு மரத் துணிக் கிளிப் கிடக்கிறது. கொடியில் வேட்டி பறந்துவிடாமல் மாட்டுவோமே, அதேதான். ஒரு பக்கத்தில் கறுப்பு மையால் 42 என்று எழுதியிருக்கும். மை மங்கிவிட்டது, சுருள்கம்பியில் துரு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நான் உறுப்பினராக இருந்த மாதிரி விமானக் கிளப்பின் பலகையில் பல வருஷம் இருந்தது. 2016-இல் நான் ஊர் திரும்பியபோது அவர்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள்.

போன மாதம் கோவையில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ரேடியோ கண்ட்ரோல் விமானக் கிளப் ஒன்று தொடங்கப் போகிறார்களாம். "நல்ல கிளப்புன்னா எப்படி இருக்கணும் சார்?" என்று கேட்டார். ஓடுதளம் எத்தனை மீட்டர், சந்தா எவ்வளவு, முதலில் எந்த விமானம் வாங்கலாம் என்று ஒரு பட்டியலும் கையில் இருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து இந்தக் கிளிப்பை அவரிடம் கொடுத்தேன். அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது.

நான் இந்தப் பித்துக்குள் வந்தது கல்லூரியில், என்.சி.சி. ஏர் விங் வழியாக. 1976. அப்போது எங்களுக்கு ரேடியோ எல்லாம் கனவு. இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளின் முனையில் விமானம் வட்டமடிக்கும். நடுவில் நிற்பவன் கைப்பிடியை அசைத்து ஏற்றி இறக்குவான், கூடவே தானும் சுற்றுவான். கல்கத்தாவில் செய்த அரோரா டீசல் இன்ஜின். அதற்குத் தீனி ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்தது. பறத்திவிட்டு வீட்டுக்குப் போனால் சட்டை முழுக்க விளக்கெண்ணெய் வாடை. அம்மா திண்ணையிலேயே கழற்றச் சொல்லிவிடுவார். கம்பி இல்லாமல் ஒரு விமானத்தை என் கை அசைவுக்குத் திருப்ப வேண்டும் என்ற ஆசை அன்றைக்கு விழுந்தது. பத்து வருஷம் கழித்து, வார்ப்பாலைப் பொறியாளராக மிச்சிகனுக்கு வேலைக்குப் போனபோதுதான் அது கைகூடியது.

போன இடமும் பொருத்தமான இடம். அந்த மாநிலத்தில் கலமாசூ என்று ஓர் ஊர். அங்கே படித்துக்கொண்டிருந்த இரட்டையர்கள் வால்டர் குட், வில்லியம் குட். 1937-இல் இவர்கள் கட்டிப் பறக்கவிட்ட ரேடியோ விமானத்தின் பெயர் 'கஃப்'. அண்ணன் தம்பிக்குள் வேலை பிரிந்திருந்தது. வால்டருக்கு விமானம் கட்டுவதில் கை. வில்லியம் உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரர். அந்தக் காலத்தில் டிரான்ஸ்மிட்டரைத் தொடவே அமெச்சூர் உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். அதே 1937-இல் டெட்ராய்டில் நடந்த தேசியப் போட்டியில் முதன்முதலாக ரேடியோ விமானங்களுக்கும் ஒரு பிரிவு வைத்தார்கள். செஸ்டர் லான்ஸோ வென்றார். அடுத்த வருஷம் கஃப் முதலிடம் பிடித்தது. 1939, 1940 இரண்டிலும் மறுபடி. பிறகு போர் வந்தது, அமெச்சூர் ரேடியோவுக்கே தடை விழுந்தது. தடை நீங்கியபின் 1947-இல் அதே கஃப் மீண்டும் வென்றது. 1960-இல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

அதே சமயம் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் ராஸ் ஹல், கிளின்டன் டிசோட்டோ என்ற இருவர் ரேடியோவால் கிளைடர்களைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். இருவருமே ஹாம் ரேடியோ உலகத்தின் ஆட்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹாம்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பேசத் தொடங்கும் முன், இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பதில் வராவிட்டால்தான் பேசுவார்கள். மாதிரி விமானக் கிளப்புகளின் நல்ல பழக்கங்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

போருக்குப் பின் வந்த ரிசீவர்கள் மிக எளியவை. அலைவரிசையைப் பிரித்தறியும் திறன் அவற்றுக்குக் கிடையாது. அக்கம்பக்கத்தில் எந்த டிரான்ஸ்மிட்டர் பேசினாலும் காது கொடுக்கும். ஆகவே மைதானத்தில் இருபது பேர் இருந்தாலும் வானத்தில் ஒரே ஒரு விமானம்தான். விமானத்துக்குள் இருந்த பொறியும் அப்படியே எளியது. முறுக்கிய ரப்பர் பட்டை ஒன்று, அதைத் தடுத்து நிறுத்தும் ஒரு கொக்கி. பொத்தானை அமுக்கினால் கொக்கி ஒரு படி விலகும், ரப்பர் ஒரு படி சுழன்று வாலை வலப்பக்கம் தள்ளும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அமுக்கினால் இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதைப் பறத்துபவர் மனசில் வைத்திருக்க வேண்டும். மறந்தால் மரத்தில் போய் மாட்டும். பிறகு 'ரீட்' கருவிகள் வந்தன. ஆர்மோனியத்தின் உள்ளே இருக்குமே, அந்த மாதிரி உலோக நாக்குகள். ஒவ்வொரு நாக்கும் ஒரு சுருதிக்கு மட்டும் அதிரும், அதிர்ந்தால் செர்வோ என்ற சின்ன மோட்டார் ஓடும். 1960களில் டக் ஸ்பிரெங், டான் மேத்ஸ் போன்றவர்களின் வேலையால், குச்சியை எவ்வளவு சாய்த்தோமோ அவ்வளவே சுக்கானும் சாயும் டிஜிட்டல் கருவி வந்தது. இன்று கடையில் வாங்கும் எல்லாக் கருவியும் அதன் பிள்ளைகள்.

அலைவரிசையின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. 1950களில் தேர்வு இல்லாமலே பயன்படுத்த 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அமெரிக்க அரசு இடம் கொடுத்தது, கிளப்புகள் பெருகின. 1958-இல் அதே பகுதியைப் பொதுமக்கள் பேசும் ரேடியோவுக்கும் திறந்துவிட்டார்கள். 1970களில் லாரி ஓட்டுநர்களிடையே அந்த ரேடியோ ஒரு பெரிய மோகமாகப் பரவியது. நெடுஞ்சாலையில் யாரோ ஒருவர் அடுத்த ஊர் டீக்கடையை விசாரிக்க, இங்கே ஒரு விமானம் தலைகீழாகும். எங்கள் கிளப்பின் மூத்தவர்கள் அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும். 72 மெகாஹெர்ட்ஸில் தனி இடம் இருந்ததால்தான் பிழைத்தார்கள். முதலில் சில அலைவரிசைகளே; அவற்றை அடையாளம் காட்ட ஆன்டெனாவில் இரண்டு நிற ரிப்பன் கட்டுவார்கள். பின்னால் எண்கள் வந்தன. 1990களில் விமானங்களுக்கென்று 11 முதல் 60 வரை ஐம்பது சேனல்கள்.

ஐம்பது சேனல், அறுபது எழுபது உறுப்பினர்கள். ஆகவே பலகை. மைதானத்து வாசலில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே பச்சைப் பெயின்ட் அடித்த பலகை, அதில் எண் எழுதிய ஐம்பது துணிக் கிளிப்புகள். வந்தவுடன் டிரான்ஸ்மிட்டரை அலமாரியில் வைத்துவிட வேண்டும். பறத்தும் முறை வரும்போது உங்கள் எண்ணின் கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் உறுப்பினர் அட்டையைச் செருக வேண்டும். கிளிப் இல்லாத ஆன்டெனாவின் சுவிட்சைத் தொடக்கூடாது. மேலே பறக்கிற விமானத்தின் உயிர் அந்தக் கிளிப்பில் இருந்தது. வேறு நாடுகளில் வேறு முறை: சில இடங்களில் உறுப்பினர் தன் பெயர் எழுதிய கிளிப்பைப் பலகையில் கொண்டுபோய் மாட்டுவார். எப்படியானாலும் பத்துப் பைசா மரத்துண்டுதான் காவல்.

1993 மே மாதம் ஒரு ஞாயிறு நான் அந்த விதியை மீறினேன்.

அன்று காற்று நன்றாக இருந்தது. எனக்கு அவசரம். என் விமானத்தின் வால் செர்வோவில் ஓர் இரைச்சல்; என்னவென்று பார்க்க மேசையில் வைத்து, ஆன்டெனாவைக்கூட நீட்டாமல், இரண்டு விநாடி சுவிட்சைப் போட்டேன். இரண்டே விநாடி. மேலே, என் கருவியின் அதே 42-ஆம் சேனலில், வெளிர்மஞ்சள் சிறகோடு ஒரு விமானம் திரும்பிக்கொண்டிருந்தது. அது மல்லாந்தது. மூக்கைக் கீழே குத்திக்கொண்டு பக்கத்து சோயா வயலுக்குள் போனது. ஈரமண்ணில் தேங்காய் விழுந்தாற்போல ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை.

அதன் சொந்தக்காரர் எழுபது வயதுப் பெரியவர், கார்த் தொழிற்சாலைகளுக்கு அச்சு செய்து ஓய்வு பெற்றவர். வயலுக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன். உடைந்த சிறகின் விலாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒவ்வொரு விலாவிலும் பென்சிலால் பொடியாக எண் போட்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முடித்தபின் என்னைப் பார்த்து, "உன் கிளிப் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "நவம்பரில் வா. சனிக்கிழமை. என் வீட்டு நிலவறையில்தான் கட்டுவேன்" என்றார். போனேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, பனி கொட்டிய சனிக்கிழமைகளிலும் போனேன். விமானம் கட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். பால்சா என்ற லேசான மரத்தின் பலகைகளைத் தராசில் நிறுத்து, லேசானதைச் சிறகு முனைக்கும் கனத்ததைச் சிறகின் நடுவுக்கும் ஒதுக்குவார். கையில் நகத்தால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தே தராசு சொல்லப்போவதைச் சொல்லிவிடுவார். இரண்டு ஒட்டுப்பலகை அச்சுகளுக்கு நடுவே இருபது பால்சாத் துண்டுகளை இறுக்கி, மொத்தமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இருபது விலாக்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வரும். வரைபடத்தின் மேல் மெழுகுத்தாள் விரித்து, அதன் மேல் ஊசி குத்தி ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பசை வரைபடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் மேல்தோல் பிளாஸ்டிக் தாள். சின்ன இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டிவிட்டு நடுவில் சூடு காட்டினால், சுருக்கமெல்லாம் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு மத்தளத் தோலாக நிற்கும்.

ஏப்ரலில் பனி கரைந்தது. மைதானத்துக்குக் கொண்டுபோனோம். பெரியவர் பலகையிலிருந்து 42-ஐ எடுத்து என் ஆன்டெனாவில் மாட்டினார். என் கருவிக்கு மாற்றியிருந்தார் அவர் விமானத்தின் ரிசீவரை! "முதலில் நீ ஏற்று" என்றார். என் கை நடுங்கியது. ஏற்றினேன். பக்கத்தில் நின்று, வானத்தில் வேறு யார் எங்கே வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சேனலை மாற்றிக்கொள்வது பெரிய காரியமில்லை. டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் படிகத்துண்டை மாற்றினால் போதும். நாங்கள் இருவரும் மாற்றவில்லை. ஒரே சேனல் என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் பறத்த முடியாது. ஒருவர் பறத்தினால் மற்றவர் பக்கத்தில் நிற்பார். அவர் இருந்தவரை அப்படியே நடந்தது.

கோவைத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அந்தக் கிளப்பில் பேச்சு வளர்ந்தது, பாடம் நடந்தது, பகை தீர்ந்தது எல்லாம் பறத்தும் இடத்தில் இல்லை, காத்திருக்கும் பெஞ்சில். அலைவரிசைப் பற்றாக்குறை எங்களை உட்கார வைத்தது. உட்கார்ந்ததால் அடுத்தவன் எப்படி இறக்குகிறான் என்று பார்த்தோம். புதிதாக வந்த பையனுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றைப் பையனிடமும் ஒன்றை ஆசிரியரிடமும் கொடுப்பார்கள். ஆசிரியர் ஒரு பொத்தானைப் பிடித்திருக்கும் வரை விமானம் பையனுடையது. தடுமாறினால் விரலை எடுப்பார், அந்தக் கணமே விமானம் ஆசிரியருடையது. அந்த விரல் எப்போது எடுபடுகிறது, எப்போது பொறுத்திருக்கிறது என்பதில் ஓர் ஆசிரியரின் தரம் தெரிந்துவிடும். இன்ஜின் நின்றுபோனால் "டெட் ஸ்டிக்!" என்று ஒரு குரல் எழும், மற்ற எல்லோரும் அந்த விமானத்துக்கு ஓடுதளத்தை விட்டு ஒதுங்குவார்கள். உலகப் போட்டி வென்றவரானாலும் ஒதுங்க வேண்டியதுதான்.

2005 வாக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி விமானங்களுக்கு வந்தது. டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரு முறை கைகுலுக்கித் தங்களுக்குள் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை பேர் சுவிட்ச் போட்டாலும் ஒருவர் விமானத்தை இன்னொருவர் கெடுக்க முடியாது. நான் செய்த தவறை இனி யாரும் செய்ய முடியாது. அது பெரிய நன்மை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் சில வருஷத்தில் பெஞ்சு காலியானது. காரில் வந்து இறங்குவார்கள், மின்கலத்தைச் செருகுவார்கள், பத்து நிமிஷம் பறத்துவார்கள், போய்விடுவார்கள். பக்கத்தில் நின்றவர் பெயர் தெரியாது. எங்கள் கிளப் 2009-இல் இதைப் பற்றி உட்கார்ந்து பேசியது. பலகையைக் கழற்றவில்லை. ஐம்பது கிளிப்புகளை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் மாட்டினார்கள்: ஒரே நேரத்தில் வானத்தில் ஐந்து விமானங்களுக்கு மேல் கூடாது. ஆறாவது ஆள் பெஞ்சில் உட்கார வேண்டும். பற்றாக்குறை போன பிறகு அதை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். என் கண்ணுக்கு அது நல்ல கிளப்.

அலைவரிசையைவிட அரிதான பொருள் ஒன்று எப்போதும் இருந்தது, இன்றும் இருக்கிறது: நிலம். இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைக்கும் நிகழ்ச்சியே அதற்குச் சாட்சி. 2003 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கேப் ஸ்பியர் முனையிலிருந்து மேனார்ட் ஹில் ஒரு மாதிரி விமானத்தைக் கையால் வீசிப் பறக்கவிட்டார். அப்போது அவருக்கு 77 வயது. கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது, காதும் மந்தம். பால்சாவும் மெல்லிய பிளாஸ்டிக் தோலும் கொண்ட, எரிபொருளோடு சேர்த்தும் ஐந்து கிலோவைத் தாண்டாத விமானம். ரேடியோ எட்டும் தூரம் தாண்டியதும் தானியங்கிக் கருவியும் ஜி.பி.எஸ்.ஸும் அதை நடத்தின. அதற்கு முன் அவர் அனுப்பியவை கடலோடு போயிருந்தன. இது 38 மணி 52 நிமிஷம் பறந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் அட்லான்டிக்கைக் கடந்து, ஆகஸ்ட் 11-ஆம் தேதி அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே கடற்கரையில் இறங்கியது. அங்கே காத்திருந்து இறக்கியவர் டேவ் பிரவுன்.

அந்த விமானத்தின் பெயர் 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்'. பட்ஸ் பண்ணையின் ஆன்மா. மேரிலாந்தில் பீச்சர் பட்ஸ் என்பவர் தன் பண்ணையில் இவர்களைப் பறத்த விட்டார், கூட நின்று உதவினார். கடல் தாண்டிய விமானத்துக்கு ஹில் தன் பெயரை வைக்கவில்லை, இன்ஜின் கம்பெனியின் பெயரை வைக்கவில்லை. பறக்க நிலம் கொடுத்தவரின் பண்ணைப் பெயரை வைத்தார்.

எங்கள் மிச்சிகன் மைதானமும் ஒரு விவசாயியின் சோயா வயல் ஓரம்தான். வருஷா வருஷம் அறுவடைக்கு முன் கிளப்பில் எல்லோரும் வரிசையாக வயலில் நடந்து, உடைந்த புரொபெல்லர் துண்டு, கம்பி, திருகாணி எல்லாம் பொறுக்கிக் கொடுப்போம். அறுவடை இயந்திரத்தில் ஒன்று சிக்கினாலும் அவருக்கு நஷ்டம். ஞாயிறு காலை தேவாலய வழிபாடு முடியும்வரை சத்தமுள்ள இன்ஜினை ஏற்ற மாட்டோம். எழுதி வைக்காத விதி அது.

இப்போது கோவைக்கு வருகிறேன். சட்டம் இங்கே தடையாக இல்லை. 2021-இல் வந்த டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு உட்பட்ட, பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் பறத்தும் மாதிரி விமானங்களைத் தனியாகவே குறிப்பிடுகின்றன. முன்அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறத்தலாம். ஆனால் நம் ஊரில் ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். இரண்டையும் தாண்டிப் போனால் தென்னை, அதைத் தாண்டினால் காற்றாலை, நடுவே எங்கே பார்த்தாலும் மின்கம்பி. தம்பியும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். பொள்ளாச்சிக்கு இப்பால் மக்காச்சோளம் அறுத்துவிட்டுச் சும்மா போட்டிருந்த ஒரு காடு பார்த்தோம். சொந்தக்காரர் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது மயிலை வெரட்டுமுங்களா?" என்று கேட்டார். மயில் தொல்லையில் இரண்டு போகமாக நொந்துபோயிருக்கிறார். விரட்டும் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பயப்படும், பிறகு பழகிவிடும் என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த உழவு வரைக்கும் வந்து பறத்திக்கொள்ளச் சொன்னார். வைகாசியில் அவர் உழுதுவிடுவார். அதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

அதனால் இதைப் படிக்கும் விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். கோவை, திருப்பூர் பக்கம், தென்னையும் மின்கம்பியும் இல்லாத நான்கு ஏக்கர் காடு சும்மா கிடந்தால், ஞாயிறு காலை ஆறரை முதல் ஒன்பது வரை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். பேட்டரி விமானங்கள்தான், சத்தம் குறைவு. விழுந்த துண்டு ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுவோம், நீங்கள் ஏர் பூட்டும் முன் காலி செய்துவிடுவோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பறத்தவும் கற்றுத் தருவோம். இந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டால் நாங்களே வந்து பார்க்கிறோம்.